மழை தூவுதுன்னு நெனச்சேன்

கிட்ட வாங்க, மக்களே. சாரல் உள்ளே அடிக்கிறது, சுவர்ப் பக்கமாகத் தள்ளி உட்காருங்கள். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் கால் நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். ஒரே ஒரு சொல்லால் ஒரு வீடு இரண்டாகப் பார்த்த கதை சொல்கிறேன். கெட்ட சொல் இல்லை. குழந்தை வாயில் வந்த நல்ல சொல்தான். அதைக் காது எப்படிக் கேட்டது, மனசு எப்படிக் கெட்டது என்பதுதான் கதை. முடிவில் உங்களுக்கு அழுகை வந்தால் அழுங்கள். ஆனால் பாதியில் எழுந்து போய்விடாதீர்கள்.

ஐம்பத்து நாலாம் வருஷம், கர்க்கடக மாசம், நம் ஆடி. திருவனந்தபுரம் கரமனையில் ஆறு கரை முட்ட ஓடிக்கொண்டிருந்தது. அன்று காலையில் பகவதியம்மாள் அடுப்பில் ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்து நின்றாள். புகையால் மட்டும் சிவந்த கண் இல்லை அது. கொழும்பிலிருந்து புருஷன் வருகிற நாள். இனிமேல் திரும்பிப் போகாமல், ஒரேயடியாக!

மாமியார் சரஸ்வதியம்மாள் கூடத்தில் இருந்தபடியே குரல் கொடுத்தாள். கால்வாதம் வந்து பல வருஷமாக அந்த அம்மாளுக்கு நடை கிடையாது. குரலுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

"செங்கோட்டை ரயிலு வந்து எம்புட்டு நேரமாச்சு! ஒனக்கு ஒரு பதட்டம் உண்டாட்டீ? கல்லு மாதிரி நிக்கா!"

"ஜட்கா கெடைக்காண்டாமா அத்தை… மழையில்லா பெய்யுது!"

பதட்டம் இல்லையாம்! கல்யாணம் முடிந்து பதினைந்து வருஷத்தில் புருஷன் முகத்தை அவள் பார்த்ததெல்லாம் அவன் விடுமுறைக்கு வந்துபோன நாட்களில்தான். கொழும்புக்குக் கூட்டிப்போக அவன் ஒரு தடவை ஆசையாகத்தான் கூப்பிட்டான். அந்த வருஷம்தான் மாமியாருக்குக் கால் விழுந்தது. 'அத்தையை ஆரு பாப்பா? நீங்க போங்க' என்று பகவதியம்மாள் பெட்டியைத் திரும்பப் பிரித்து வைத்துவிட்டாள். பிள்ளை இல்லை. அந்தக் குறையையும் அவள் தலையில்தான் ஊர் வைத்தது.

புருஷன் சிவதாணுவுக்கு முன்னால் அவன் தகப்பனார் கோமதிநாயகம் பிள்ளைக்கும் கொழும்பில்தான் பிழைப்பு. ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதினார். பிறகு மகனையும் அங்கே சேர்த்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அங்கேயே காலமானார். அவர் படம் கூடத்தில் சந்தன மாலையோடு தொங்கியது. அதற்கிடையில் இலங்கை தனி நாடாகி, நம் ஆட்களைப் பார்த்து 'நீ எந்த நாட்டுக்காரன்?' என்று கேட்கத் தொடங்கியது. தங்குவதற்கு அனுமதி வாங்க வேண்டும், தவணை முடிந்தால் நீட்டிக்க வேண்டும். சிவதாணுவுக்கு நீட்டித்துக் கொடுக்கவில்லை. அதுதான் இந்த வருகை.

ஜட்கா வந்து நின்றது. சிவதாணு இறங்கினான். தகரப் பெட்டி இறங்கியது. அதற்குப் பிறகு, பூப்போட்ட கவுன் நனைந்த, ஆறேழு வயசுப் பெண்குழந்தை ஒன்று இறங்கியது!

பகவதியம்மாள் வாசல்படியில் அப்படியே நின்றுவிட்டாள்.

குழந்தை புது முகங்களைக் கண்டு மிரண்டு, ஓடிப்போய் சிவதாணுவின் வேட்டியைக் கட்டிக்கொண்டது. "ஐயா! மகே ஐயா!" என்று அழுதது.

மக்களே, அவர்கள் குடும்பத்தில் தகப்பனை அழைக்கிற முறை 'ஐயா' என்றுதான். சிவதாணுவும் தன் தகப்பனை ஐயா என்றுதான் அழைத்தான். மக என்கிறது, ஐயா என்கிறது… வேறு யாராவது வந்து விளக்க வேண்டுமா?

விளக்கமும் உடனே வந்தது. கூடத்துக்குள் நுழைந்த குழந்தை சுவரில் இருந்த படத்தைப் பார்த்தது. அழுத முகம் பூப்போல மலர்ந்தது. விரலை நீட்டி, "தாத்தா! மகே தாத்தா!" என்றது.

சரஸ்வதியம்மாள் மார்பில் கை வைத்தாள். "எனக்க தெய்வமே… கேட்டியாட்டீ மருமவளே? இவன் ஐயாவாம்! எனக்க வீட்டுக்காரரு தாத்தாவாம்! பாடம் படிச்சுக் குடுத்துல்லா கூட்டிட்டு வந்திருக்கான்!"

"எம்மா, செத்த நேரம் சும்ம இரி. பிள்ளை பயப்படுது. பேரு மல்லிகா. பெத்த தாயி செத்துப்போனா. இனி இது இங்கதான் வளரும்."

"தாயி ஆருலே?"

"அங்க உள்ளவ. சிங்களத்தி."

"தகப்பன்?"

சிவதாணு பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். அந்தக் கேள்வி கூடத்தின் நடுவில் அப்படியே கிடந்தது.

அடுக்களைக்குத் தண்ணீர் குடிக்க வந்தவனைப் பகவதியம்மாள் மறித்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன்… சாமி சாட்சியா சொல்லுங்க. அது ஆருக்க பிள்ளை?"

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்க ரத்தந்தான் பகவதீ. அதுக்கு மேல ஒண்ணும் கேக்காத. நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"ஆருக்கு? செத்துப்போனவளுக்கா?"

அவன் தண்ணீர் குடிக்காமலே வெளியே போனான்.

அன்றைக்குப் பிறகு அந்த வீட்டில் சந்தேகம் ஒரு ஆளாகவே குடியேறியது. பகவதியம்மாள் குழந்தைக்குத் தலை சீவும்போது காது மடலைப் பார்ப்பாள், அதே மடல்! சோறு பிசைந்து கொடுக்கும்போது மோவாயைப் பார்ப்பாள், அதே குழி! உருண்டையைக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: ஒரு வேளைகூடக் குழந்தை பசித்து இருந்ததில்லை. 'சோத்துக்கு என்ன தெரியும், ஆருக்க வயித்துக்குப் போகோம்னு!' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

மாமியார் வாய் ஓயவில்லை. "எனக்க வீட்டுக்காரரும் கொழும்புலதான் ஆயுசைக் கழிச்சாரு. ஒரு சொல்லு, ஒரு பழி உண்டா? தெய்வம்லா அவரு! கடைசியா வந்தப்பக்கூட அங்க உள்ள நெனப்பு முழுக்க வேலைதான்… மழைதான். ஒறக்கத்துல 'தூவே, தூவே'ன்னு சொல்லுவாரு. மழை தூவுதுன்னு சொல்லுகாரு, கடையில சீலை நனைஞ்சிருமேன்னு மனசு கெடந்து அடிக்குதுன்னு நெனச்சு, நான் போர்வையை இழுத்து மூடுவேன். அப்படி ஒரு மனுசனுக்கு இப்படி ஒரு மகன்!"

சிவதாணு தலை குனிந்து கேட்டுக்கொண்டிருப்பான். ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை. அதைப் பார்த்துப் பகவதியம்மாளுக்கு நெஞ்சு இன்னும் வெந்தது. குற்றம் இல்லாதவன் இப்படியா குனிந்து நிற்பான்?

வெளியிலும் அதே கதைதான். தெற்கே தமிழ்த் தாலுகாக்களை மதராஸோடு சேர்க்க வேண்டும் என்று கிளர்ச்சி மூண்டு, துப்பாக்கிச் சூடுவரை போயிருந்த சமயம். கடையில் தமிழில் இரண்டு வார்த்தை உரக்கப் பேசினால் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் கடல் கடந்து ஒருத்தன் வந்தால்? போலீஸ் ஸ்டேஷன் ஏட்டு குடையோடு வந்து வாசலில் நின்றார்.

"சிலோணில் நின்னு வந்நதல்லே? ஈ குட்டி ஆருடெயா?"

"எனக்க பிள்ளை சார்," என்றான் சிவதாணு.

உள்ளே கதவுக்குப் பின்னால் நின்ற பகவதியம்மாள் கையில் இருந்த முறத்தைத் தரையில் வைத்தாள். அவன் வாயாலேயே சொல்லிவிட்டானே!

ஏட்டு குழந்தையை ஏற இறங்கப் பார்த்தார். "தமிழும் அல்ல, மலயாளவும் அல்ல, பின்னே எந்து பாஷயா இது பறயுந்நது? இனியும் வராம், கேட்டோ," என்று, மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சிவதாணு சிரித்த சிரிப்பைக் கேட்டிருக்க வேண்டும். "அங்க, ஒனக்க நாட்டுக்குப் போலேன்னான். இங்க வந்தா, ஏன்லே வந்தேங்கான். நடுக்கடல்ல ஒரு வீடு கெட்டித் தந்தா நல்லாருக்கும்!"

சரஸ்வதியம்மாள் அதோடு முடிவு கட்டிவிட்டாள். நாகர்கோவிலில் இருந்த பகவதியம்மாளின் தமையன் அழகியநம்பிக்கு ஆள் அனுப்பினாள். அவர் வருகிற வெள்ளிக்கிழமை குழந்தையைக் கூட்டிப்போய் அங்கே ஒரு அனாதை இல்லத்தில் விட வேண்டும். அதற்குச் சிவதாணு சம்மதிக்கவில்லையென்றால் தங்கையைக் கையோடு கூட்டிப்போய்விட வேண்டும்.

"எனக்க கால் போனதுக்குப் பெறவு எனக்குக் காலா நின்னவ இவ. இவ கண்ணீரு இந்த வீட்டுல விழப்பிடாது. ஒண்ணு அந்தப் பிள்ளை, இல்லேன்னா இவ. நீயே சொல்லுலே!" என்றாள் மகனிடம்.

கொடுமைக்கார மாமியார் என்று நினைத்தீர்களா? பாருங்கள், அந்த அம்மாள் மருமகள் பக்கம்தான் நின்றாள்!

சிவதாணு சொன்னது ஒன்றுதான். "பிள்ளையை விட மாட்டேன் எம்மா."

அப்படியானால் என்னை விடுவானா? பகவதியம்மாள் தன் சேலைகளை மடித்து வைக்கத் தொடங்கினாள். முன்னொரு காலத்தில் கொழும்புக்குப் போக எடுத்து வைத்த அதே பெட்டி.

வியாழக்கிழமை மத்தியானம் மழை சற்று விட்டது. பின்கட்டில் அவள் உளுந்து களைந்துகொண்டிருந்தாள். மல்லிகா மதில் பக்கம் நின்றாள். அடுத்த வீட்டு மாதவன் நாயரின் மகன் விஜயன், காலேஜில் படிக்கிற பையன், மதிலுக்கு மேலாக ஒரு கொய்யாப்பழத்தை நீட்டினான். குழந்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "விஜயன் ஐயா!" என்று சிரித்தது.

பகவதியம்மாளுக்கும் தன்னை மறந்து சிரிப்பு வந்தது. "எட்டீ, மீசை முளைக்காத பயல் ஒனக்கு ஐயாவா? அண்ணன்னு சொல்லு."

"ஓவ். ஐயா," என்று, ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டியது குழந்தை. அதற்குள் மாதவன் நாயர் ஆபீசிலிருந்து வந்து குடையை மடக்கினார். நாற்பத்தைந்து வயசு, தலையில் ஒரு நரை கிடையாது. குழந்தை அவரைக் காட்டி, "ஐயாட தாத்தா வந்தாச்சு!" என்றது.

"தாத்தாவோ? எடீ குட்டீ, ஞான் அத்ர கிழவனாயோ!" நாயர் தலையைத் தடவிக்கொண்டே உள்ளே போனார். விஜயன் விழுந்து விழுந்து சிரித்தான்.

பகவதியம்மாள் சிரிக்கவில்லை. உளுந்தில் கை அப்படியே நின்றுவிட்டது.

விஜயன் ஐயா. விஜயனைப் பெற்றவர்… தாத்தா?

ஈரக் கையோடு எழுந்தாள். குழந்தையைக் கூட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். கட்டிலில் மாமியார் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். மத்தியான உறக்கம். பகவதியம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, படத்தைக் காட்டினாள்.

"மல்லிகா, இது ஆரு?"

"மகே தாத்தா."

"மகேன்னா?"

குழந்தை தன் நெஞ்சில் விரலை வைத்தது. "எனக்கு."

மக இல்லை! 'என்னுடைய' என்று சொல்லியிருக்கிறது, பாவம்!

"செரி… ஒனக்க தாத்தா. ஒனக்க அம்மையைக் கல்யாணம் கெட்டுனது ஆரு?"

இதுகூடத் தெரியாதா என்பது போலக் குழந்தை பார்த்தது. மறுபடியும் படத்தையே காட்டியது. "தாத்தா. அம்மா, தாத்தா, நான். ஐயா வந்து கடையில இருப்பார். தாத்தா என்னை மடியில வச்சு, துவே, துவேன்னு கூப்பிடுவார்."

"துவேன்னா?"

"நான்தான். அம்மாவும் துவேன்னு சொல்லும். பொட்டப்பிள்ளையைத் துவேன்னுதான் சொல்லுறது."

பகவதியம்மாள் குழந்தையின் வாயைப் பொத்தினாள். திரும்பிப் பார்த்தாள். மாமியார் அசையவில்லை. மூச்சு ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. நல்ல உறக்கம் என்று நம்பிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள்.

சிவதாணு கடைத்தெருவிலிருந்து வந்ததும் கிணற்றடியில் வைத்துக் கேட்டாள். "சிங்களத்துல அண்ணனுக்கு என்ன சொல்லு? தகப்பனுக்கு என்ன சொல்லு?"

அவன் கையில் இருந்த வாளி நழுவிக் கிணற்றில் விழுந்தது. வாளியை எடுக்கக்கூடத் தோன்றாமல் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான். எத்தனை மாசத்து அழுகையோ!

"அங்க அண்ணனுக்குத்தான் ஐயா, தகப்பனுக்குத்தான் தாத்தா… சாகும்போது எனக்க கையைப் புடிச்சுக்கிட்டு நம்ம ஐயா சொன்னாரு பகவதீ… 'ஒனக்க அம்மை என்னைத் தெய்வம்னு நெனச்சிட்டிருக்கா. அவ நெனப்புல நான் அப்படியே இருந்துட்டுப் போறேன்லே'ன்னு. பெறவு அந்த அம்மாவும் போனா. தலைமன்னார்ல கப்பல் ஏறும்போது ஆபீசர் கேட்டான், பிள்ளை ஆருக்கன்னு. தங்கச்சின்னு சொன்னா, தகப்பன் எங்க, தாய் எங்கன்னு ஆயிரம் கேள்வி… பிள்ளையை நிறுத்திருவான். எனக்க மகள்னு சொன்னேன். சொன்ன பெறவு மாத்த முடியுமா? ஏட்டுட்டயும் அதையேதானே சொல்லணும்!"

"ஊருட்டச் சொல்லாண்டாம். ஏட்டுட்டச் சொல்லாண்டாம். என்னட்டச் சொல்லப்பிடாதா?" என்றாள். "நான் போயி அத்தைட்டச் சொல்லிருவேன்னு நெனச்சீங்களா? இத்தனை வருஷம் அந்தக் காலுக்கு எண்ணெய் தேச்சவ நான்! நான் ஒங்களைச் சந்தேகப்பட்டது பாவந்தான்… ஆனா மொதல்ல என்னைச் சந்தேகப்பட்டது நீங்க!"

அவள் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். துடைத்துவிட்டு, "நாளைக்கு அண்ணன் வரட்டு. பேசுகது நான்," என்றாள்.

மறுநாள் காலையில் அழகியநம்பி வந்தார். குடையைச் சாய்த்து வைத்துவிட்டுக் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கட்டிலில் சரஸ்வதியம்மாள் தலையணையில் சாய்ந்திருந்தாள். என்றைக்கும் இல்லாமல் அன்று காலையிலிருந்து அந்த அம்மாள் வாய் திறக்கவில்லை; காப்பியைக்கூடத் தொடவில்லை.

"மாப்பிள்ளை, நான் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாதவன்," என்றார் அழகியநம்பி. "பிள்ளையை எனக்க கூட விடுகீரா, இல்லே, எனக்க தங்கச்சியை விடுகீரா?"

சிவதாணு தாயைப் பார்த்தான். படத்தைப் பார்த்தான்.

பகவதியம்மாள் முன்னால் வந்தாள். குழந்தையை இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"அண்ணா, நீங்க மெனக்கெட்டு மழையில வந்துட்டீங்க. பலகாரம் தின்னுட்டுப் போங்க. நானும் வரல்லே, பிள்ளையும் வராது. அவிய தப்புப் பண்ணுனாவ… செரி, பண்ணிட்டாவ. நான் பொறுத்துக்கிட்டேன். ஐயான்னு கூப்பிடுகதே, அந்த வாயை நான் அடைக்க முடியுமா? இது அவியளுக்க மக. அதனால எனக்கும் மக."

"ஒனக்கு மானம் இல்லியாட்டீ!" அழகியநம்பி எழுந்துவிட்டார். "ஊரு சிரிக்குமே! கட்டுனவன் கடல் தாண்டிப் போயிக் குடும்பம் நடத்துனான், நம்ம பகவதி அதுக்குச் சோறு ஊட்டுகான்னு…"

"சிரிக்கட்டு அண்ணா. சிரிக்கிறவிய வாய் வலிச்சா நிறுத்திருவாவ."

புருஷன்மேல் இல்லாத பழியை, அவன் கண் முன்னாலேயே, தன் வாயால் உறுதிப்படுத்தினாள் அவள். ஊர் முழுக்க ஏமாந்தவள் என்று பெயர் எடுக்கத் துணிந்துவிட்டாள். எதற்காக? கட்டிலில் கிடக்கிற ஒரு கிழவியின் மனசிலிருந்து ஒரு தெய்வம் இறங்கிவிடக் கூடாது என்பதற்காக!

சிவதாணு விம்மினான். அவன் அழுவதைக் கண்ட குழந்தை ஓடிப்போய் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டது. "ஐயா… மகே ஐயா… அழாதே!"

அப்போது கட்டிலிலிருந்து குரல் வந்தது. ஊரைக் கூட்டுகிற அந்தக் குரல் இல்லை. மெல்லிய, உடைந்த குரல்.

"அவனை ஐயான்னு கூப்பிடாண்டாம், பிள்ளே… நம்ம ஊருல அதுக்கு வேற அர்த்தம். அண்ணன்னு கூப்பிடு."

அழகியநம்பி ஒன்றும் புரியாமல் தங்கையைப் பார்த்தார்.

"அத்தை!…" பகவதியம்மாள் ஓடிப்போய்க் கட்டிலின் காலடியில் விழுந்தாள். "நீங்க… ஒறங்கலியா?"

"கால் இல்லாதவ ஒறங்குனா என்ன, முழிச்சா என்ன. எல்லாம் கேட்டேன்." சரஸ்வதியம்மாள் படத்தை நிமிர்ந்து பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். "மழை தூவுதுன்னு நெனச்சேனே பாவி… மழை தூவுதுன்னு நெனச்சுப் போர்வையைப் போர்த்திவிட்டேனே! பிள்ளையைத் தேடிருக்காரு மனுசன்… எனக்க பக்கத்துல படுத்துக்கிட்டு!"

கண்ணீர் மடையாகக் கொட்டியது. யாரும் கிட்டப் போகத் துணியவில்லை. கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, அந்த அம்மாளே கையை நீட்டினாள்.

"லே தாணு, கிட்ட வா. தகப்பன் பழியைத் தலையில சொமந்துக்கிட்டு, நான் ஏசுன ஏச்செல்லாம் வாங்கிக்கிட்டு நின்னியேலே! ஏன்லே, எனக்க நெஞ்சு என்ன சருகா, ஊதுனா பறக்கதுக்கு? நீ ஒருத்தன் மறைச்சே… இவ ஒருத்தி மறைக்கா! ரெண்டு பேரும் சேந்து என்னைக் கொலுவுல வச்ச பொம்மையாட்டம்லா ஆக்கிட்டீங்க!"

தாயின் மடியில் சிவதாணு முகம் புதைத்தான். அவள் ஒரு கையால் மகன் தலையைத் தடவினாள்; மறு கையால் மருமகளை இழுத்துச் சேர்த்துக்கொண்டாள். அழகியநம்பிக்கு அப்போதுதான் மெல்ல மெல்லக் கதை புரிந்தது. அவர் சத்தமில்லாமல் குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் நின்று மூக்கைச் சிந்தினார்.

குழந்தை மட்டும் எட்டத்தில் நின்றது. சரஸ்வதியம்மாள் அதைப் பார்த்தாள். அந்த மோவாய்க் குழியைப் பார்த்தாள்; மகனுக்கு இருப்பது, மகனுக்கு முன்னால் வேறொருவருக்கு இருந்தது. பிறகு, யாரோ தொண்டையிலிருந்து இழுத்து எடுப்பது போல ஒரு சொல் வந்தது.

"துவே…"

குழந்தை ஓடி வந்து கட்டிலில் ஏறிக்கொண்டது.

படத்துக்கு மட்டும் ஒரு மாசம் சந்தன மாலை இல்லாமல் போனது. கழற்றச் சொன்னதும் அந்த அம்மாள்தான். பிறகு ஒரு நாள், "கெடக்கட்டு, பிள்ளைக்குத் தகப்பன்லா," என்று திரும்பப் போடச் சொன்னதும் அவள்தான்.

ஏட்டு சொன்னபடி மறுபடியும் வந்தார். "ஈ குட்டியுடெ காரியம் ஒந்நுகூடி சோதிக்கணம்…" என்று அவர் மறுபடி விசாரணையை ஆரம்பித்ததும், உள்ளிருந்து பழைய குரல் முழங்கியது.

"ஆருவே அது? எனக்க மகளைப் பத்திக் கேக்கது?"

ஏட்டு எட்டிப் பார்த்தார். நரைத்த தலையையும் பார்த்தார், மடியில் உட்கார்ந்து முறுக்குத் தின்கிற குழந்தையையும் பார்த்தார். "அம்மச்சியுடெ மகளோ? ஈ வயஸ்ஸிலோ?"

"ஏன், ஒமக்கு என்ன சேதம்? பகவதீ, ஏட்டுக்கு ஒரு காப்பி குடு. குடிச்சிட்டுப் போகட்டு!"

கடல் கடந்து போனவர்கள் எல்லோரும் உங்கள் வீட்டுக்கு நலமாகத் திரும்பட்டும், மக்களே. அவர்கள் எந்தப் பாஷையில் அழுதாலும் உங்கள் காதுக்கு அது நல்லபடியாகக் கேட்கட்டும். உங்கள் வீட்டுக் கட்டிலில் எப்போதும் ஒரு பிள்ளைக்கு இடம் இருக்கட்டும். அடுப்பில் ஒரு பிடி கூடவே வேகட்டும். மழை விட்டுவிட்டது, பத்திரமாகப் போய் வாருங்கள்.